காட்டுத்தீ தண்டனையா? தீயைக் கணக்கிடும் விஞ்ஞானம் சொல்வது என்ன?

2025 ஜனவரி 7ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த மலைகளில் தீ பரவத் தொடங்கியது. ஓரிரு நாட்களுக்குள் எமது ஊர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான வீடியோக்கள் வந்து குவிந்தன. எரிகின்ற மாளிகைகள், பின்னணியில் குர்ஆன் ஓதல், கீழே இரண்டு வரியில் தீர்ப்பு. காஸா மக்கள் மீது குண்டு போட ஆயுதம் கொடுத்த நாட்டுக்கு அல்லாஹ் அனுப்பிய தண்டனை இது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. காஸாவை நினைத்து நொந்துபோயிருந்த நேரம் அது. அப்படி எழுதியவர்களின் மனநிலை எனக்கு விளங்காமல் இல்லை. நானும் ஒரு வீடியோவை மூன்று பேருக்கு அனுப்பினேன் என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

அந்த வாரம் தரம் 10 விஞ்ஞானப் பாடத்தில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "சேர், அங்க ஒரு பள்ளிவாசலும் எரிஞ்சதாமே. அப்ப அது யாருக்குரிய தண்டனை?"

அவள் சொன்னது உண்மை. அல்டடீனா என்ற பகுதியில் இருந்த மஸ்ஜித் அத்-தக்வா, 'ஈட்டன் தீ' என்று பெயரிடப்பட்ட தீயில் முற்றாக எரிந்தது. ஆபிரிக்க அமெரிக்க முஸ்லிம்கள் பல ஆண்டுகளாகக் கட்டிவளர்த்த பள்ளி அது. அதைச் சுற்றி வாழ்ந்தவர்கள் மாளிகைவாசிகளும் அல்லர். கஷ்டப்பட்டு வீடு கட்டிய நடுத்தரக் குடும்பங்கள்.

யாருக்கு எது தண்டனை என்று சொல்ல எனக்கு வஹீ வருவதில்லை என்று பதில் சொன்னேன். ஆனால் அந்தத் தீ ஏன் அந்த வேகத்தில், அந்தத் திசையில் போனது என்பதைச் சொல்லலாம், அதற்குக் கணக்கு இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பின்னர் தேடிப் படித்து, மூன்று பாடவேளைகளில் பிள்ளைகளுக்கு விளக்கியதையே இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் எமக்குக் கற்பித்த தீ முக்கோணம் எல்லோருக்கும் தெரியும்: எரிபொருள், வெப்பம், ஒட்சிசன். ஒரு தீ உண்டாவதை விளக்க அது போதும். ஆனால் காட்டில் பிடித்த தீ எப்படி நடந்துகொள்ளும் என்று ஆராய்பவர்கள் வேறொரு முக்கோணத்தைப் பயன்படுத்துகிறார்கள். எரிபொருள், வானிலை, நிலத்தின் சாய்வு என்பன அதன் மூன்று பக்கங்கள். இங்கே எரிபொருள் என்றால் பெற்றோல் அல்ல. காய்ந்த புல், சருகு, சுள்ளி, பற்றை, விழுந்த மரம், நிற்கும் மரத்தின் இலை என்று எரியக்கூடிய எல்லாமே எரிபொருள்தான்.

இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்கர்களைத் தள்ளிய சம்பவங்களில் ஒன்று 1949 ஆகஸ்ட் 5ஆம் திகதி மொன்டானா மாநிலத்தில், மிசூரி ஆற்றங்கரையில் உள்ள மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் நடந்தது. ஒரு சிறிய தீயை அணைக்க விமானத்திலிருந்து பரசூட்டில் 15 வீரர்கள் குதித்தார்கள். தரையில் இன்னொரு தீக்காவலர் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். அவர்கள் ஆற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது தீ பள்ளத்தாக்கின் வாயைத் தாண்டி, அவர்களுக்குக் கீழே இருந்த காய்ந்த புல்லில் பற்றிக்கொண்டது. திரும்பி மேல்நோக்கி ஓடினார்கள். தீயும் மேல்நோக்கித்தான் வந்தது. ஏற்றத்தில் மனிதனின் வேகம் குறையும், தீயின் வேகமோ கூடும். 13 பேர் இறந்தார்கள்.

குழுத் தலைவர் வாக்னர் டொட்ஜ் மட்டும் ஓட்டத்தை நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து தீக்குச்சியை எடுத்துத் தனக்கு முன்னால் இருந்த புல்லைக் கொளுத்தினார். அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ வந்தது, அவர் படுத்திருந்த இடத்தில் எரிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் இரு பக்கமாகப் பிரிந்து போனது. மற்றவர்களையும் அவர் கூப்பிட்டார். தீயை அணைக்க வந்த மனிதர் தீ வைப்பதைப் பார்த்து அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருக்கலாம், ஒருவரும் நிற்கவில்லை. இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

1960இல் அதே மொன்டானாவின் மிசூலா நகரில் அமெரிக்க வனச் சேவை ஒரு தீ ஆய்வகத்தைத் திறந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்த ரிச்சர்ட் ரொதர்மல் காட்டைப் பற்றிப் படித்தவர் அல்லர், விமானப் பொறியியலாளர். விமானங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தைப் போன்ற ஒன்றுக்குள் பைனஸ் ஊசியிலைகளையும் மரச்சீவல்களையும் படுக்கையாகப் பரப்பி, காற்றின் வேகத்தை மாற்றி மாற்றி, நூற்றுக்கணக்கான தடவைகள் எரித்து அளந்தார்கள். 1972இல் அவர் வெளியிட்ட சமன்பாடுதான் இன்றைக்கும் அமெரிக்காவின் பெரும்பாலான காட்டுத்தீக் கணிப்புக் கருவிகளின் அடித்தளம்.

அந்தச் சமன்பாடு பக்கம் பக்கமாக நீள்வது. ஆனால் அதன் கருத்தை அடுப்பு மூட்டத் தெரிந்த எவருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். எரிகின்ற இடத்திலிருந்து, இன்னும் எரியாத அடுத்த சருகுக்கு எவ்வளவு வெப்பம் போய்ச் சேருகிறது? அந்தச் சருகு பற்றிக்கொள்ள எவ்வளவு வெப்பம் தேவை? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் தீ பரவும் வேகம் கிடைக்கும். காற்று அடித்தால் சுவாலை முன்னால் சாய்ந்து அடுத்த சருகைச் சூடாக்கும். ஏற்றமான நிலத்தில் நிலமே சுவாலைக்கு நெருக்கமாக வந்துவிடும். இரண்டுமே மேல் எண்ணைக் கூட்டுகின்றன. சருகில் ஈரம் இருந்தால் முதலில் அந்த நீரை ஆவியாக்கியாக வேண்டும், அது கீழ் எண்ணைக் கூட்டுகிறது. சாய்வு 10 பாகை கூடும்போது தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று அவுஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். மான் கல்ச் வீரர்கள் ஓடியது மிகச் செங்குத்தான சரிவில். 1993இல் ரொதர்மல் தமது கணக்கைக் கொண்டே அந்த 1949 ஓட்டத்தை நிமிடத்துக்கு நிமிடம் மீளக் கட்டிப் பார்த்தார். அது வெல்ல முடியாத ஓட்டப் பந்தயம் என்பதே அவரது முடிவு.

ஈரத்தை அளப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. விறகை அதன் தடிப்பை வைத்து '1 மணித்தியால', '10 மணித்தியால', '100 மணித்தியால', '1000 மணித்தியால' எரிபொருள் என்று பிரிக்கிறார்கள். கால் அங்குலத்துக்கும் குறைந்த சுள்ளியும் சருகும் காற்றின் ஈரப்பதன் மாறினால் ஒரு மணித்தியால அளவில் தாமும் மாறத் தொடங்கும். 3 அங்குலத்தைத் தாண்டிய கட்டைக்கு வாரக்கணக்கில் எடுக்கும். நேற்று மழை பெய்தது, இன்றைக்குத் தீ பிடிக்காது என்று நாம் நினைப்பது எவ்வளவு பிழை என்று இதிலிருந்து விளங்கும். பகல் வெயிலில் புல் எப்போதோ காய்ந்துவிட்டிருக்கும்.

தொடக்கத்தில் இந்தக் கணக்குகள் வரைபுகளாகவும் அட்டவணைகளாகவும் இருந்தன; களத்தில் பென்சிலும் கையுமாக நின்று பார்ப்பார்கள். 1980களில் பிஹேவ் என்ற கணினி நிரல் வந்தது. 1990களில் மார்க் பின்னி என்ற ஆய்வாளர் ஃபார்சைட் என்ற நிரலை உருவாக்கினார். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு ஹைகன்ஸின் தத்துவம் நினைவிருக்கும்: அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதிய சிற்றலையின் தோற்றுவாய். ஃபார்சைட் அதே தத்துவத்தைத் தீக்குப் பயன்படுத்துகிறது. தீயின் விளிம்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு சிறு நீள்வட்டம் விரிகிறது. காற்றும் சாய்வும் அதன் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. எல்லா நீள்வட்டங்களின் வெளிவிளிம்பையும் இணைத்தால் அடுத்த மணித்தியாலத்தில் தீ நிற்கும் இடம் கிடைக்கும். ஒளியைப் பற்றி 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் யோசித்தது காட்டுத்தீயில் உயிர் காக்க உதவுகிறது. இதையெல்லாம் எங்கே பாவிக்கப் போகிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இனி ஓர் உதாரணம் உண்டு.

இந்த நிரல்களுக்குத் தீனி போட வரைபடம் வேண்டும். லேண்ட்ஃபயர் என்ற திட்டம் அமெரிக்கா முழுவதையும் 30 மீற்றர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் என்ன வகை எரிபொருள், என்ன சாய்வு, மரக்கிளைகள் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகின்றன என்று பதிவு செய்கிறது. பெருந்தீ ஒன்று எரியும்போது எஃப்.எஸ்.புரோ என்ற கருவி நூற்றுக்கணக்கான, தேவைப்பட்டால் ஆயிரக்கணக்கான சாத்தியமான காற்று, வானிலை நிலைமைகளில் அதை மறுபடி மறுபடி எரிய விட்டுப் பார்த்து, குறித்த கிராமத்தைத் தீ அடைவதற்கான நிகழ்தகவைச் சொல்கிறது.

சுவாலையின் நீளத்தையும் கணிக்கலாம். அது 4 அடிக்குக் குறைவென்றால் மண்வெட்டியுடன் ஆட்கள் நேரடியாக எதிர்கொள்ளலாம். 8 அடி வரை புல்டோசர் போன்ற இயந்திரங்கள் வேண்டும். 11 அடியைத் தாண்டினால் தீயின் முகத்துக்கு முன்னால் எந்த முயற்சியும் பலனளிக்காது. ஆட்களை அனுப்புவதா, பின்வாங்கச் சொல்வதா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது.

முக்கோணத்தின் மூன்று பக்கங்களில் காற்றை நாம் நிறுத்த முடியாது. மலையைச் சமப்படுத்தவும் முடியாது. கைவைக்கக்கூடிய ஒரே பக்கம் எரிபொருள். அமெரிக்கா அதில்தான் ஒரு நூற்றாண்டு காலம் பிழை விட்டது.

1910இல் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 இலட்சம் ஏக்கர் எரிந்து 80இற்கும் மேற்பட்டோர் இறந்த பின்னர், இனி எந்தத் தீயையும் விடக்கூடாது என்று வனச் சேவை முடிவெடுத்தது. 1935இல், கண்ட தீ எதுவாயினும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று கட்டளையே போட்டார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் மேற்கு அமெரிக்காவின் பொண்டரோசா பைன் காடுகள் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை நிலத்தோடு ஒட்டிய சிறு தீயால் எரிந்து எரிந்தே வாழ்ந்தவை. மின்னல் சிலவற்றை மூட்டியது, அந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் பலவற்றை வேண்டுமென்றே மூட்டினார்கள். கலிபோர்னியாவின் கரூக், யுரொக் மக்களுக்கு நெருப்பு விவசாயக் கருவியைப் போன்றது. அதையும் குற்றமாக்கித் தடுத்தார்கள். அணைக்கப்பட்ட ஒவ்வொரு சிறு தீயும் அடுத்த பெரிய தீக்கு வைப்பிலிட்ட பணம் போல ஆனது. சருகு குவிந்தது, மரங்களுக்கிடையே கன்றுகள் நெருக்கமாக வளர்ந்தன. நிலத்தில் ஓடும் தீ அந்தக் கன்றுகளையும் தாழ்ந்த கிளைகளையும் ஏணியாகப் பிடித்து மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும். உச்சியில் ஓடும் தீயை மனிதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே இப்போது ஏணியை எடுத்துவிடப் பார்க்கிறார்கள். சிறு மரங்களை வெட்டி ஐதாக்குவது, தாழ்ந்த கிளைகளைக் கழிப்பது, குளிர்ந்த ஈரமான நாட்களில் திட்டமிட்டு நிலத்தை எரிப்பது என்பன வழிகள். இவற்றை எங்கே, எவ்வளவு, எத்தனை வருடத்துக்கொரு தடவை செய்வது என்று பார்க்கவும் கணினி மாதிரிகள் இருக்கின்றன. ஒரு காட்டை இன்றைக்கு ஐதாக்கினால் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கே தீ எப்படி எரியும் என்று அவை கணித்துக் காட்டும். காடு முழுவதையும் துப்புரவாக்கத் தேவையில்லை, சரியான இடங்களைத் தெரிந்தெடுத்தால் ஒரு பகுதியைக் கையாண்டாலே தீயின் ஓட்டத்தை மந்தமாக்கலாம் என்று பின்னியின் ஆய்வுகள் காட்டின. காசில்லாத நாடுகள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

வெட்டினால் மட்டும் போதுமா? 2021இல் ஒரேகன் மாநிலத்தில் 4 இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த பூட்லெக் தீ, சைக்கன் மார்ஷ் என்ற ஒதுக்கிடத்தில் இதற்கு விடை தந்தது. மரங்களை ஐதாக்கிய பின் நிலத்தையும் எரித்துச் சுத்தம் செய்த பகுதிகளில் பெருமரங்கள் தப்பிப் பிழைத்தன. ஐதாக்கியதோடு நின்ற பகுதிகளில் பாதிப்பு அதைவிட அதிகம். வெட்டிய கிளைகளை அங்கேயே போட்டுவிட்டுப் போனால் எரிபொருளை மேலிருந்து கீழே இறக்கி வைத்ததாகத்தான் கணக்கு.

இந்த விஞ்ஞானத்தைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை. 2022 ஏப்ரல் 6ஆம் திகதி நியூ மெக்சிகோவில் வனச் சேவையே திட்டமிட்டு மூட்டிய ஒரு தீ கைமீறியது. ஜனவரியில் எரித்து அணைந்துவிட்டதாக நினைத்த மரக்குவியல் ஒன்று பனிக்கடியில் மாதக்கணக்கில் கனன்றுகொண்டிருந்து ஏப்ரலில் மறுபடி எழுந்தது. இரண்டும் ஒன்றாகி 3 இலட்சத்து 41 ஆயிரம் ஏக்கரைத் தின்றன. அந்த மாநில வரலாற்றில் அதுவே மிகப் பெரிய தீ. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த ஏழை விவசாயிகளின் வீடுகள் போயின. நீண்ட வரட்சியில் காடு எவ்வளவு காய்ந்திருந்தது என்பதைக் குறைத்து மதிப்பிட்டதாகப் பின்னர் மீளாய்வு செய்தவர்கள் எழுதினார்கள்.

இனி லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வருவோம். அங்கே எரிந்தது பைன் காடு அல்ல. சப்பரல் எனப்படும் பற்றைக்காடு. அதற்கு முந்திய இரண்டு மாரியிலும் நல்ல மழை, புல்லும் பற்றையும் செழித்தன. பிறகு எட்டு மாதமளவில் மழையே இல்லை. அதன் மேல் பாலைநிலத்திலிருந்து இறங்கும் சாந்தா ஆனா காற்று மணிக்கு 130 கிலோமீற்றரையும் தாண்டி வீசியது. முக்கோணத்தின் எல்லாப் பக்கங்களும் உச்சத்தில் இருந்தன. தேசிய வானிலைச் சேவை முதல் நாளே அதியுயர் மட்ட எச்சரிக்கையை விடுத்திருந்தது. அந்தக் காற்றில் தணல்கள் வெகுதூரம் பறந்து விழுந்தன. ஒரு வீடு பற்றினால் அதுவே அடுத்த வீட்டுக்கு எரிபொருள். அங்கே மலையில் பற்றை வெட்டியிருந்தால் மட்டும் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. வீடு எரிவதைத் தீர்மானிப்பது வீடும் அதன் உடனடிச் சூழலும்தான் என்று மிசூலா ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெக் கோஹன் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். சுவரிலிருந்து முதல் 5 அடிக்குள் எரியக்கூடிய எதையும் வைக்காதே, கூரைப் பீலியில் சருகைச் சேரவிடாதே. இவ்வளவு எளிய விடயம்.

இன்னொன்று. ஈட்டன் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் மேற்கு அல்டடீனாவில் இருந்தவர்கள். பலர் முதியவர்கள், நடமாட முடியாதவர்கள். அந்தப் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு தீ தொடங்கிப் பல மணித்தியாலங்கள் கழித்தே போனது. தீயின் போக்கைக் கணிக்கும் கருவிகள் உலகிலேயே அதிகம் உள்ள நாட்டில் நடந்தது இது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஸஹீஹுல் புஹாரியில் வரும் ஒரு சம்பவம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்தது. அது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு உங்கள் எதிரி, உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டாரை எரித்துவிடும் என்றும் இன்னோர் அறிவிப்பில் வருகிறது. அந்த வீட்டார் என்ன பாவம் செய்தார்கள் என்ற பேச்சு அந்த அறிவிப்புகளில் இல்லை. திரி, எலி, எரிகின்ற விளக்கு என்று காரணம்தான் சொல்லப்படுகிறது. மார்க்க விளக்கம் சொல்வது மௌலவிமாரின் வேலை. எனக்கு மனதில் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊவாப் பக்கத்திலும் ஒவ்வொரு வருடமும் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காற்றுக் காலத்தில் மலைகள் எரிகின்றன. 1970களிலிருந்து நடப்பட்ட பைனஸ் தோட்டங்களின் கீழ் ஊசியிலை மெத்தை போலக் கிடக்கிறது. பக்கத்தில் மானாப் புல். மாட்டுக்குப் புதுப் புல் முளைக்கட்டும் என்று ஒருவர் கொளுத்துவார், இன்னொருவர் சும்மா கொளுத்துவார். எமது மலையில் மின்னல் தீ மூட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எரியும்போது நீர்ப்போத்தலுடன் ஓடுகிறோம், மழை வந்ததும் மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது பாடவேளையில் ஒரு சிறு பரிசோதனை செய்தோம். மிசூலா ஆய்வகத்தார் பாடசாலைகளுக்கென்று தயாரித்த பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. ஒரு பலகையில் களிமண் அப்பி, தீக்குச்சிகளை வரிசை வரிசையாக நட்டு, வெளியே முற்றத்தில் வைத்தோம். பக்கத்தில் இரண்டு வாளி நீர். பலகையைத் தட்டையாக வைத்து ஓரத்தில் பற்றவைத்தபோது தீ தயங்கித் தயங்கிப் போய் பாதியில் அணைந்தது. சாய்த்து வைத்துக் கீழிருந்து பற்றவைத்தபோது கண்மூடித் திறப்பதற்குள் உச்சிக்கு ஏறியது. மூன்றாவது தடவை, கேள்வி கேட்ட அதே மாணவி நடுவில் இரண்டு வரிசைக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டாள். தீ அந்த இடைவெளி வரை வந்து நின்றது.

பிடுங்கிய குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பாடசாலைக்குப் பின்னால் உள்ள பைனஸ் மலையைக் காட்டி, "சேர், அந்தச் சருகை யார் அள்ளுற?" என்று கேட்டாள். அந்த மலை வனத் திணைக்களத்துக்குச் சொந்தமா, தோட்டத்துக்குச் சொந்தமா என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுத முடிவு செய்தோம். கடிதத்தைப் பிள்ளைகளே எழுதினார்கள், அதிபர் ஒப்பமிட்டார். ஊசியிலைப் படுக்கையின் தடிப்பை அடிமட்டம் வைத்து பத்து இடங்களில் அளந்த அட்டவணையும் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது.